காய்ச்சல் விட்டு மூன்று மாதம் ஆகிறது, அம்மாவுக்கு மீன் வாசனை தெரியவில்லை. நரம்பு செத்துவிட்டதா?

ராயபுரம் மகள் கேட்டது:

என் அம்மாவுக்கு 54 வயது. விடியற்காலை மூன்று மணிக்குக் காசிமேட்டுக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, தண்டையார்பேட்டையில் ஒரு தெருமுனையில் உட்கார்ந்து விற்பவர். 26 வருடத் தொழில். ஏலத்தில் மற்றவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள், கண்ணைப் பார்ப்பார்கள், சதையை அழுத்திப் பார்ப்பார்கள். அம்மா குனிந்து ஒரு முறை மூச்சை இழுப்பார், அவ்வளவுதான். இன்று பிடித்ததா, மூன்று நாள் ஐஸில் கிடந்ததா என்று சொல்லிவிடுவார். விசைப்படகு மீனுக்கும் கட்டுமரத்து மீனுக்கும் வாசனையிலேயே வித்தியாசம் உண்டு என்பார். எனக்கு இன்றுவரை அது பிடிபட்டதில்லை.

கார்த்திகை மழையில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல் வந்தது. எனக்கும் தம்பிக்கும் நான்கு நாளில் போய்விட்டது. அம்மாவுக்கு மட்டும் ஒரு வாரத்துக்குமேல் சளியும் இருமலும் உடம்பு வலியும் நீடித்தன. எந்த வைரஸ் என்று சோதனை எதுவும் எடுக்கவில்லை. காய்ச்சல் விட்டது, மூக்கடைப்பும் நின்றது, மூச்சு தாராளமாகப் போய் வந்தது. வாசனை மட்டும் திரும்பவில்லை. அதை அவர் எங்களிடம் சொல்லவும் இல்லை.

எங்களுக்குத் தெரியவந்தது ஒரு கூடை சங்கராவால்தான். பத்து வருடமாக அம்மாவிடம் மட்டுமே வாங்கும் ஒரு பெரியவர் மத்தியானம் பையோடு திரும்பி வந்தார். சத்தம் போடவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, "நீ எனக்கு இப்படிச் செய்யமாட்டாயே அம்மா" என்றார். மீன் கெட்டுப்போயிருந்தது. அம்மா பணத்தைத் திருப்பிக் கொடுத்தார், மிச்சமிருந்த கூடையையும் கொட்டிவிட்டு வீட்டுக்கு வந்து சுவரோரம் உட்கார்ந்தார். அன்றைய நஷ்டம் 1,800 ரூபாய். "மூக்கு இருந்த இடத்தில் சுவர் எழுப்பியதுபோல் இருக்கிறது" என்று அப்போதுதான் சொன்னார். இப்போது ஏலத்துக்கு நானும் கூடப் போகிறேன், ஆனால் எனக்கு அந்த மூக்கு இல்லை.

மாசி மாதத்திலிருந்து வேறொரு கஷ்டம். ஒன்றுமே தெரியாமல் இருந்தவருக்குக் காபி டிகாக்‌ஷன் டயர் எரியும் வாடையாக வருகிறது. எண்ணெயில் வெங்காயம் வதக்கினால் சாக்கடை திறந்தது மாதிரி இருக்கிறதென்று வாசலுக்கு ஓடுகிறார். தயிர்சாதம் மட்டும் சாப்பிடுகிறார், ஐந்து கிலோ இளைத்துவிட்டார். எனக்குப் புரியாத விஷயம் ஒன்று உண்டு. பால்சுறா கொஞ்சம் பழசாகி இருக்கும் கூடையருகே போனால் மட்டும் மூக்கில் சுருக்கென்று ஏறுகிறது என்கிறார். அதே நாள் மல்லிகைப்பூவை முகத்தருகே வைத்தேன், ஒன்றும் தெரியவில்லை.

பக்கத்து மருத்துவர் இரண்டு நிமிடத்தில், "வைரஸால் நரம்பு பாதித்திருக்கிறது, பழகிக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட்டார். வேறொரு கிளினிக்கில் நரம்புக்குப் பத்து ஊசி, 9,000 ரூபாய் என்றார்கள். சித்தி வந்து, வைரஸ் மூக்கு வழியாக மூளைக்கு ஏறிவிட்டது, இனி ஞாபகமும் போகும் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அம்மா ராத்திரியில் தூங்குவதில்லை. யார் யார் எவ்வளவு கடன் வைத்திருக்கிறார்கள் என்று வரிசையாக வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறார், ஒரு பெயராவது விட்டுப்போகிறதா என்று. நான் பக்கத்தில் படுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதுவரை ஒன்றும் விட்டுப்போகவில்லை.

என் கேள்வி இதுதான். சாதாரணச் சளிக்காய்ச்சல் நரம்பை இப்படிச் செய்யுமா? உண்மையிலேயே மூளைக்குள் போயிருக்குமா? போன நரம்பு திரும்ப வருமா? அந்த ஊசிக்குக் கடன் வாங்கட்டுமா?

வியாசர்பாடிக்காரன் எழுதியது:

தங்கச்சி, அந்த டயர் வாடை எனக்கும் வந்தது என்று அம்மாவிடம் முதலில் சொல்லுங்கள். வாசனை போனதைவிட, தனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ என்ற பயம்தான் மனுஷரை அதிகம் தின்னும்.

எனக்கு 2021 மே மாதம் கொரோனா வந்தது. வேலைக்குப் போகும் வழி கொடுங்கையூர் குப்பைமேட்டை ஒட்டித்தான். குணமாகி முதல் நாள் போகும்போது அங்கே வண்டியை நிறுத்தி, முகக்கவசத்தைக் கழற்றி, ஆழமாக மூச்சை இழுத்துப் பார்த்தேன். வெறும் காற்று. வாழ்நாள் முழுவதும் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த இடத்தில், அந்த நாற்றம் வராதா என்று நின்று அழுதேன். மூன்று மாதம் கழித்து வாசனை வந்தது, ஆனால் கோணலாக வந்தது. பீச் ஸ்டேஷன் பக்கம் பர்மா நூடுல்ஸான அத்தோ சாப்பிடாமல் என் வாரம் முடியாது. அந்தப் பொரித்த வெங்காயமும் பூண்டும் பிணவாடையாகத் தெரிந்தன. தட்டை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். முழுதாகச் சரியாக 14 மாதம் ஆயிற்று. முட்டை மட்டும் இன்னமும் கொஞ்சம் மாறித்தான் தெரிகிறது.

ஒன்றைத் தயவுசெய்து இன்றைக்கே செய்யுங்கள். அம்மாவைச் சமையலறையில் தனியாக விடும்போது கேஸ் ரெகுலேட்டரை மூடிவிட்டுப் போங்கள். அடுப்புத் திருகு சரியாக மூடாமல் கேஸ் கசிந்த அறையில் நான் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி கதவைத் திறந்தவுடன் அலறினாள். கசிவைக் கத்திச் சொல்லும் கருவி கடைகளில் கிடைக்கிறது, ஒன்று வாங்கி மாட்டுங்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது, அதனால் தரைக்குச் சற்று மேலே மாட்ட வேண்டும்.

பழைய வண்ணாரப்பேட்டை, ஓய்வுபெற்ற செவிலியர் எழுதியது:

மகளே, 31 வருடம் வார்டில் இருந்தவள் நான். உன் அம்மா ராத்திரியில் கடன் பெயர்களைச் சொல்லிப் பார்க்கிறார் என்று படித்ததும் எழுந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நிதானமாகப் படித்து அவருக்கும் வாசித்துக் காட்டு.

மூக்கின் கூரையில், இரண்டு கண்களுக்கும் நடுவே, தபால்தலை அளவுக்கு ஒரு சவ்வு இருக்கிறது. வாசனையை உணரும் நரம்பு செல்கள் அங்கேதான் இருக்கின்றன. அவற்றின் இழைகள் சல்லடை மாதிரித் துளைகள் உள்ள எலும்பின் வழியாக மேலே போய் மூளையைத் தொடுகின்றன. நம் உடம்பில் வெளிக்காற்று நேராகப் படும் நரம்பு செல்கள் இவை. தூசியும் புகையும் கிருமியும் நாள் முழுவதும் அவற்றின் மேல்தான் மோதுகின்றன. அதனாலேயே அந்த இடத்துக்கு ஒரு வரம் உண்டு. சவ்வின் அடியில் இருக்கும் மூலசெல்கள் பழைய நரம்பு செல்களுக்குப் பதிலாகப் புதியவற்றை வாழ்நாள் முழுவதும் உண்டாக்குகின்றன. உன் மருத்துவர் "நரம்பு பாதிப்பு" என்றது சரி. இந்தப் பகுதியைச் சொல்லாமல் அனுப்பியதுதான் தவறு.

சளிக்காய்ச்சல் வைரஸ்கள் பல இதைச் செய்யும். ஃப்ளூ, சாதாரண ஜலதோஷ வைரஸ், கொரோனா எல்லாம் அடக்கம். கொரோனாவில் ஆராய்ந்து பார்த்தபோது, வைரஸ் பெரும்பாலும் நரம்பு செல்லுக்குள் நுழைவதில்லை, அதைச் சுற்றித் தாங்கி நிற்கும் துணைசெல்களைத்தான் தாக்குகிறது என்று தெரிந்தது. தாங்கிநின்றவை விழுந்ததும் நரம்பும் வேலையை நிறுத்திவிடுகிறது. ஆகவே வாசனை போனாலே வைரஸ் மூளைக்கு ஏறிவிட்டது என்று பொருளில்லை. மூளை அழற்சி என்பது வேறு நோய், அபூர்வம். அதில் ஆள் குழம்பிப் பேசுவார், வலிப்பு வரும், எழுப்பினாலும் எழாமல் மயங்கிக் கிடப்பார். அது காய்ச்சலோடோ காய்ச்சலை ஒட்டியோ வரும், அப்போது ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. மூன்று மாதம் கழித்து கடன் கணக்கைத் தப்பில்லாமல் சொல்லும் பெண்ணுக்கு அது இல்லை. சித்தியிடம் நான் சொன்னதாகச் சொல்.

டயர் வாடைக்கு வருகிறேன். மனித மூக்கில் ஏறக்குறைய 400 வகை வாசனை ஏற்பிகள் உண்டு. 2004இல் ரிச்சர்ட் ஆக்செலும் லிண்டா பக்கும் நோபல் பரிசு பெற்றது இந்த ஏற்பிகளைக் கண்டறிந்ததற்காகத்தான். காபி என்பது ஒரே வாசனை இல்லை, பல நூறு மூலக்கூறுகள் சேர்ந்த கூட்டம். புதிய நரம்புகள் முளைக்கும்போது எல்லா வகையும் ஒன்றாக வருவதில்லை, வந்தவையும் பழைய இடத்தில் சரியாகப் போய்ச் சேருவதில்லை. கூட்டத்தில் பாதிப் பேர் பேசாமல் இருக்க, கந்தகம் கலந்த சிலரின் குரல் மட்டும் பெரிதாகக் கேட்கிறது. வறுத்த காபி, வெங்காயம், பூண்டு, முட்டை, வறுத்த இறைச்சி எல்லாவற்றிலும் அவர்கள் உண்டு. பலருக்கு இது இரண்டு மூன்று மாதம் கழித்துத் தொடங்குகிறது. நரம்பு செத்துக் கிடந்தால் இதுகூட வராது. இது திரும்பி வரும் வழி, கரடுமுரடான வழி.

சுறாவை நீ கவனித்தது எனக்கு மிகவும் பிடித்தது. சுறாவின் சதையில் யூரியா இருக்கிறது, பழசாகும்போது அது அம்மோனியாவாக மாறுகிறது. அம்மோனியாவின் அந்தச் சுருக்கை உணர்வது வாசனை நரம்பு இல்லை. முகத்துக்குத் தொடுவுணர்வு தரும் ஐந்தாம் நரம்பு, மூக்குக்குள்ளும் அதன் கிளைகள் ஓடுகின்றன. வெங்காயம் நறுக்கினால் கண் எரிவதும் அதனால்தான். 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்ததே, அன்று உன் அம்மா அங்கே இருந்திருந்தால் அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் சமையல் கேஸுக்கு அந்தச் சுருக் கிடையாது, அதில் கலப்பது நாற்றம் மட்டுமே. வியாசர்பாடித் தம்பி சொன்ன எச்சரிக்கையை அதனால் விட்டுவிடாதே.

இனிச் செய்ய வேண்டியது. அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு ஒரு முறை கூட்டிப்போ. உனக்கு ஸ்டான்லிதான் பக்கம். மூக்கில் சதை வளர்ச்சி ஏதும் இருக்கிறதா என்று குழாய் விட்டுப் பார்ப்பார்கள். சளிக்காய்ச்சல்தான் காரணம் என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. ஊசிக்குக் கடன் வாங்காதே. நரம்பு ஊசி என்பது பெரும்பாலும் பி12 வைட்டமின்தான். இரத்தத்தில் பி12 குறைவென்று சோதனையில் வந்தால் அதற்கு மருந்து எடுக்கலாம், அரசு மருத்துவமனையிலேயே கேட்டுப் பார். குறைவு இல்லாதவருக்கு அந்த ஊசி வாசனையைத் திருப்பித் தராது. ஸ்டீராய்டு மாத்திரையை யாராவது தானாகக் கொடுத்தால் வாங்காதே, சர்க்கரை இருந்தால் எகிறிவிடும். மூக்கில் எண்ணெய், மூலிகைச் சாறு, சொட்டு மருந்து என்று எதையும் விடாதே. துத்தநாகம் கலந்த மூக்கு மருந்தால் வாசனையே போய்விடுகிறது என்று 2009இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரித்தது. மருத்துவர் உப்புநீர் கழுவச் சொன்னால் கொதிக்கவைத்து ஆற்றிய நீர் மட்டும்தான். குழாய் நீர் கூடவே கூடாது.

ஆதாரம் உள்ளது வாசனைப் பயிற்சி. ஜெர்மனியின் தாமஸ் ஹுமல் குழு 2009இல் வெளியிட்டது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்று நான்கு வாசனைகள். நம் வீட்டில் இல்லாதது எது? நான்கு சின்ன டப்பாவில் பன்னீர் ரோஜா, எலுமிச்சைத் தோல், இடித்த கிராம்பு, பஞ்சில் இரண்டு சொட்டு நீலகிரித் தைலம் வை. காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் இருபது விநாடி மெதுவாக முகரட்டும். இழுத்து இழுத்து முகரக் கூடாது. முகரும்போது அந்த வாசனை முன்பு எப்படி இருந்தது என்று மனத்தில் கொண்டுவரச் சொல். ஒன்றும் தெரியாத நாளிலும் செய்ய வேண்டும். குறைந்தது 12 வாரம், பலருக்கு அதற்கு மேலும் ஆகும். எல்லோருக்கும் முழுதாகத் திரும்பும் என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். ஆனால் நிறையப் பேருக்குத் திரும்புகிறது.

சாப்பாட்டைச் சூடு ஆறவைத்துக் கொடு, ஆவி குறைந்தால் வாடையும் குறையும். வெங்காயம் பூண்டை நிறுத்து. எலுமிச்சைச் சாதம், இட்லி, பழம் கொடுத்துப் பார். புளிப்பும் உப்பும் நாக்கின் வேலை, அவற்றுக்கு மூக்கு தேவையில்லை.

எண்ணூர்க்காரர் எழுதியது:

சகோதரி, உங்கள் அம்மாவுக்கு இது இல்லை. ஆனாலும் காய்ச்சலுக்குப் பிறகு நரம்பு என்ற தலைப்பைப் பார்த்துவிட்டு என்னால் பேசாமல் போக முடியவில்லை. வேறு யாராவது படிக்கட்டும்.

நான் துறைமுகத்தில் கன்டெய்னர் கணக்கு எழுதுபவன். சளிக்காய்ச்சல் வந்துபோய் இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிறு, இரண்டு பாதமும் மரத்தன. திங்கட்கிழமை நடக்கும்போது காலில் செருப்பு இல்லை, கழன்று விழுந்தது எனக்குத் தெரியவே இல்லை. செவ்வாய்க்கிழமை பேசின் பிரிட்ஜ் ரயில் நிலைய மேம்பாலத்தில் பாதிப் படியில் முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். ஒரு கிளினிக்கில் சத்துக்குறைவு என்று குளுகோஸ் ஏற்றி அனுப்பினார்கள். அதில் இரண்டு நாள் போயிற்று. வியாழக்கிழமை கையும் தூக்க வரவில்லை. பெரிய அரசு மருத்துவமனையில் ஓர் இளம் மருத்துவர் சுத்தியால் முழங்காலைத் தட்டினார், கால் அசையவில்லை. உடனே என்னை ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு எண்ணச் சொன்னார். பதினாறில் மூச்சு நின்றது. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள்.

கில்லன் பாரே என்று பெயர். 1916இல் பிரெஞ்சு ராணுவ மருத்துவர்கள் எழுதிவைத்த நோய். இதில் கிருமி நரம்புக்குள் போவதில்லை. கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய படை, கிருமி போன பிறகு, நம் நரம்பின் உறையையே எதிரி என்று நினைத்து உரித்துவிடுகிறது. ஒரு லட்சம் பேரில் வருடத்துக்கு ஒருவர் இருவருக்கு வருவது. மூன்றில் இரண்டு பேருக்கு முந்தைய நான்கு வாரத்துக்குள் சளியோ வயிற்றுப்போக்கோ வந்திருக்கும். 2025 ஜனவரியில் புனேயில் பலருக்கு வந்ததே, அங்கே தண்ணீர் வழியாக வந்த வயிற்றுக் கிருமி. எனக்கு நெஞ்சுச் சளி.

முதுகுத்தண்டு நீர் எடுத்தார்கள், நரம்பில் மின்சாரம் ஓடும் வேகத்தை அளந்தார்கள். இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத மருந்தை ஐந்து நாள் ஏற்றினார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் அதற்குப் பலன் என்றார்கள். குளுகோஸில் போன இரண்டு நாளை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. சுவாசக் கருவி வரை போகாமல் தப்பித்தேன், பக்கத்துப் படுக்கைப் பையன் 19 நாள் அதில் இருந்து மீண்டான். ஐந்தாம் மாதம் கம்பு இல்லாமல் நடந்தேன்.

காய்ச்சல் விட்ட பிறகு இரண்டு காலிலும் ஒரேபோல் மரப்பு வந்து, நாளுக்கு நாள் மேலே ஏறினால், படி ஏற முடியவில்லை என்றால், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால், வீட்டில் காத்திருக்க வேண்டாம். நரம்பியல் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு அன்றே போங்கள்.

ராயபுரம் மகள் மறுபடி எழுதியது:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள். ஸ்டான்லியில் பார்த்தார்கள், சதை வளர்ச்சி எதுவும் இல்லை. பி12 சரியாகவே இருக்கிறது. ஊசி போடவில்லை. கேஸ் கருவி வாங்கித் தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் மாட்டியிருக்கிறோம்.

செவிலியர் அம்மா, நீங்கள் எழுதியதை அன்றிரவே அம்மாவுக்கு வாசித்தேன். சுறாவும் ஐந்தாம் நரம்பும் வந்த இடத்தை மூன்று முறை வாசிக்கச் சொன்னார். பிறகு, "அப்படியானால் நான் பொய் சொல்லவில்லை" என்றார். நாங்கள் யாரும் அவரைப் பொய்யென்று சொன்னதே இல்லை. அவருக்கே அந்தச் சந்தேகம் இருந்திருக்கிறது. அன்று தூங்கினார்.

நான்கு டப்பாக்களும் சாமி படத்துக்குக் கீழே இருக்கின்றன. தைலத்தில் குளிர்ச்சி முதல் நாளே தெரிந்தது, வாசனை இல்லை, அதுவும் ஐந்தாம் நரம்புதான் போலிருக்கிறது. ரோஜாவும் எலுமிச்சையும் இன்னும் சுவர்தான். ஏப்ரல் 15இல் தடைக்காலம் தொடங்கிவிட்டது, 61 நாள் விசைப்படகுகள் போகாது. கட்டுமரத்து மீன் கொஞ்சம்தான் வருகிறது, அம்மாவுக்கு ஓய்வு. ஜூனில் ஏலம் திரும்பவும் சூடு பிடிப்பதற்குள் பாதி மூக்காவது வேண்டும் என்று ஒரு வேளையும் விடாமல் முகர்கிறார்.

நேற்று மாலை கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவது டப்பாவை வெகுநேரம் வைத்திருந்தார். என்னவென்று சொல்லத் தெரியவில்லை. "பல்வலி" என்றார். நான் சின்னவளாக இருந்தபோது சொத்தைப் பல்லுக்குக் கிராம்பு எண்ணெய் பஞ்சில் நனைத்து அவர்தான் வைத்துவிடுவார்.

ஐந்தாவதாக மல்லிகைப்பூ சேர்க்கலாமா என்று கேட்டேன். நெத்திலிக் கருவாடு வை என்கிறார். வைக்கலாமா அம்மா?